சர்ச்சை, விவாதம், கருத்து வேறுபாடு: எதை எங்கே எழுதுவது?

மெய்ப்புமேசை (இழையைத் தொடங்கியவர்)

'சர்ச்சை' என்ற சொல்லைப் பற்றி ஒரு நடைமுறைக் கேள்வி. செய்தித் தமிழில் இது கறிவேப்பிலை மாதிரி ஆகிவிட்டது, எதிலும் தூவுகிறார்கள். மாதிரிக்கு மூன்று வரிகள்:

அ) "நீர்ப் பங்கீடு குறித்து இரு மாநில அமைச்சர்கள் நடத்திய சர்ச்சை தோல்வியில் முடிந்தது." இது மலையாள மூலத்திலிருந்து வந்தது.

ஆ) "குழு அறிக்கையில் சர்ச்சை: இரண்டு உறுப்பினர்கள் ஏற்கவில்லை."

இ) "திருக்குறளில் 1,230 குறள்கள் உள்ளன என்று மேடையில் பேசியது சர்ச்சையாகியுள்ளது."

முதல் வரி பிழை என்பது படித்ததும் தெரிகிறது. மற்ற இரண்டும் இடறுகின்றன, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு கருத்துக்கு ஊரறிய மறுப்பு எழுந்தால் எந்தக் கட்டத்தில் அதைச் சர்ச்சை என்று எழுதலாம்? அதற்கு முன்னால் என்ன சொல்?

தெற்குச்சாளரம்

'அ' வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சொல்லின் கதையே அங்கேதான் இருக்கிறது.

வடமொழியில் 'சர்ச்சா' என்றால் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தல், ஆராய்தல், கலந்து பேசுதல். வேதம் ஓதும்போது ஒரு சொல்லை மறுபடி சொல்வதற்கும் அதே பெயர். உடம்பில் சந்தனம் பூசிக்கொள்வதற்கும் அந்தச் சொல் உண்டு, அது இங்கே வேண்டாம். இந்தியில் சர்ச்சா, மராத்தியில் சர்ச்சா, தெலுங்கில் சர்ச்ச, கன்னடத்தில் சர்ச்செ, மலையாளத்தில் சர்ச்ச. எல்லாவற்றிலும் பொருள் ஒன்றுதான்: கலந்துரையாடல், பேச்சுவார்த்தை. மலையாளத்தில் 'சமாதான சர்ச்ச' என்றால் அமைதிப் பேச்சு. 'உபயகட்சி சர்ச்ச' என்றால் இருதரப்புப் பேச்சு. 2014 தேர்தலின்போது நடந்த 'சாய் பே சர்ச்சா'வைத் 'தேநீர்ச் சர்ச்சை' என்று எழுதினால் டீக்கடையில் சண்டை நடந்த மாதிரி இருக்கும். மாணவர்களோடு பிரதமர் பேசும் 'பரீக்ஷா பே சர்ச்சா'வுக்கும் இதே கதிதான். வினாத்தாள் வெளியாகிவிட்டதோ என்று பெற்றோர் பதறுவார்கள்.

வேடிக்கை இத்தோடு முடியவில்லை. நாம் 'விவாதம்' என்று எதைச் சொல்கிறோமோ அதைத்தான் அவர்கள் சர்ச்சா என்கிறார்கள். அவர்கள் 'விவாத்', 'விவாதம்', 'விவாத' என்று சொல்வதுதான் நம் சர்ச்சை. அதாவது இரண்டு சொற்களும் எங்களூர் எல்லையைத் தாண்டும்போது இடம் மாறிக்கொள்கின்றன. மலையாளச் செய்தியில் 'விவாதமாயி' என்று வந்தால் 'சர்ச்சையானது' என்று எழுத வேண்டும். 'சர்ச்சயாயி' என்று வந்தால் 'பேசுபொருளானது' என்று எழுத வேண்டும். தெலுங்கிலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் 'சர்ச்சலு' என்ற பன்மையைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு 'பேச்சுவார்த்தை' போடலாம், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இயந்திர மொழிபெயர்ப்பில் இந்த இடம் அடிக்கடி சறுக்குகிறது. எழுத்துப்பெயர்ப்பு அப்படியே பொருந்துவதால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்கும் படுவதில்லை.

ஈற்றெழுத்து

தெற்குச்சாளரம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தமிழிலும் பழைய பொருள் அடியோடு போய்விடவில்லை. 'சாஸ்திர சர்ச்சை' என்று மடங்களிலும் வித்வத் சபைகளிலும் சொன்னால் அங்கே கூச்சல் ஒன்றும் இல்லை. நூற்பொருளை எதிரெதிர் நின்று ஆராய்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பழைய உரைநடையில் 'இது பற்றிச் சர்ச்சை செய்தார்கள்' என்று வந்தால் நாளிதழ்ப் பொருளைக் கொண்டுபோய் ஏற்றிவிடக் கூடாது.

'விவாத'த்தில் உள்ள 'வி' எதிர்நிலையைக் காட்டும். கர்நாடக இசையில் வாதி, சம்வாதி, அனுவாதி, விவாதி என்று சுவர உறவுகளைப் பிரிப்பார்கள். இதில் விவாதி என்பது ஒத்துப்போகாதது. 72 மேளங்களில், அதாவது தாய் ராகங்களில், 40 விவாதி மேளங்கள். அந்த 'ஒத்துப்போகாமை'தான் வடமொழி விவாதத்தின் ஆதிப்பொருள். தமிழ் அதைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிக் கோட்டு சூட்டு போட்டு மரியாதைப்படுத்திவிட்டது. சாதுவாக இருந்த சர்ச்சையைத் தெருவுக்கு இழுத்துவிட்டது.

செந்நா

இரண்டுமே வடசொல். இவ்வளவு குழப்பம் தரும் சொல்லைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? 'பூசல்' இருக்கிறது, 'பிணக்கு' இருக்கிறது, 'முரண்' இருக்கிறது. நன்னூலே 'மாறுகோள்' என்று அருமையான சொல் வைத்திருக்கிறது.

தலைப்புப்பலகை

செந்நா, சொற்கள் இருக்கின்றன என்பது சரி. ஆனால் அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாகப் போட முடியாது, ஒவ்வொன்றும் ஒரு வேலையை ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டது.

பூசல்: இன்று ஒரே வீட்டுக்குள், ஒரே கட்சிக்குள். 'உட்கட்சிப் பூசல்', 'கோஷ்டிப் பூசல்', 'குடும்பப் பூசல்'. இரண்டு வெவ்வேறு கட்சிகள் மோதிக்கொண்டால் யாரும் பூசல் என்று எழுதுவதில்லை. பழந்தமிழில் அது போர், பேரொலி, ஆரவாரம். 'வாடுதோள் பூசல் உரைத்து' என்று 1237-வது குறளில் வருவது தோள் எழுப்பும் ஆரவாரம். அந்த ஓசை இன்றைய பூசலில் இல்லை. இன்றைய பூசல் கதவுக்குப் பின்னால் புகைவது.

பிணக்கு: மனம் முறுக்கிக்கொள்வது. பேச்சு நின்றுபோய் முகம் திருப்பிக்கொள்ளும் நிலை. ஊடலுக்குப் பக்கத்து வீடு. பொதுவெளியில் வார்த்தை பறந்தால் அது பிணக்கு ஆகாது.

முரண்: கருத்தளவில் இரண்டு ஒத்துப்போகாமை. ஆள் தேவையே இல்லை. ஒரே ஆளின் இரண்டு பேச்சுக்கு இடையிலும் முரண் இருக்கலாம்.

சர்ச்சை: ஆள் வேண்டும், எதிராள் வேண்டும், பார்வையாளர் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சொல் பொருந்தாது.

தலைப்பு எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல் ஏன் இனிக்கிறது என்பதற்கு ஒரு அற்பக் காரணமும் உண்டு. ச, ர், ச், சை: நான்கே எழுத்து. 'கருத்து வேறுபாடு' எட்டு எழுத்து, நடுவில் இடைவெளி வேறு. ஒற்றைப் பத்தித் தலைப்பில் எது உட்காரும் என்று சொல்ல வேண்டியதில்லை. இடத்துக்காகப் போட்ட சொல் நாளடைவில் பொருளாகவும் ஆகிவிட்டது.

வடமராட்சி

பிணக்கு விசயத்தில் தலைப்புப்பலகை சொல்வது தமிழ்நாட்டு வழக்கு. இலங்கையில் பிணக்கு சட்டச் சொல். 1950-ஆம் ஆண்டின் 43-ஆம் இலக்கச் சட்டத்துக்குத் தமிழில் 'கைத்தொழிற் பிணக்குகள் சட்டம்' என்று பெயர். தொழிற்சங்கமும் நிர்வாகமும் சம்பளத்துக்காக மோதிக்கொண்டால் அங்கே ஊடல் ஒன்றும் இல்லை, ஆனாலும் அது பிணக்குத்தான். இந்தியாவில் இதே பொருளில் வந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீங்கள் 'தொழில் தகராறுகள் சட்டம்' என்கிறீர்கள். எங்கட காதுக்குத் தகராறு என்றால் மதுச்சாலை வாசல் ஞாபகம் வரும்.

வேறு சில வித்தியாசங்களும் உண்டு. நீங்கள் 'வாக்குவாதம் முற்றி கைகலப்பானது' என்று எழுதுகிற இடத்தில் எங்கட பத்திரிகைகளில் 'வாய்த்தர்க்கம் முற்றிக் கைகலப்பாக மாறியது' என்று வரும். நாடாளுமன்றத்தில் நீங்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வருகிறீர்கள், இங்கே நம்பிக்கையில்லாப் பிரேரணை. இரண்டு தரப்பும் இன்னும் வெளிப்படையாகச் சண்டை பிடிக்கவில்லை, ஆனால் உறவு இறுகிவிட்டது என்றால் 'முறுகல் நிலை' என்போம். தமிழ்நாட்டில் இதற்குச் சரியான ஒற்றைச் சொல் இருப்பதாகத் தெரியவில்லை. 'உரசல்' என்கிறீர்கள், அது கொஞ்சம் மெல்லியது.

'சர்ச்சைக்குரிய' இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

தெற்குச்சாளரம்

வடமராட்சி தகராறைத் தொட்டதால் ஒரு சின்ன இடைச்செருகல். தகராறு உருது வழியாக வந்தது. மூலம் அரபியில் 'தக்ரார்': திரும்பச் சொல்லுதல். மேலே சர்ச்சாவுக்கும் 'மறுபடி சொல்லுதல்' என்று ஒரு பொருள் சொன்னேன். ஆக, எங்கெங்கோ பிறந்த இரண்டு சொற்கள், இரண்டும் 'சொன்னதையே சொல்லுதல்' என்று தொடங்கித் தமிழுக்கு வந்து சண்டையில் முடிந்திருக்கின்றன. தொலைக்காட்சியில் ராத்திரி எட்டு மணிக்கு நடப்பதைப் பார்த்தால் மூலப்பொருள் அப்படியொன்றும் தொலைந்துவிடவில்லை என்று தோன்றுகிறது.

படிக்கட்டு

சட்ட மொழிபெயர்ப்புப் பக்கத்திலிருந்து. நீதிமன்றத் தமிழில் சர்ச்சை என்ற சொல்லுக்கு வேலையே கிடையாது. அதைக் கொண்டுவந்தால் பிழை நேரும்.

உரிமையியல் வழக்கில் வாதி தருவது வழக்குரை. பிரதிவாதி தருவது எதிர்வழக்குரை. ஒருவர் அடித்துச் சொல்லி மற்றவர் மறுக்கும் புள்ளிகளை நீதிமன்றம் தனியே பிரித்து எழுதும், அவைதான் 'எழுவினாக்கள்'. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 14 இதற்கானது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட சங்கதி எழுவினா ஆகாது. 'சர்ச்சை' என்று எழுதத் துடிப்பவர்கள் இந்த முறையைக் கடன் வாங்கலாம்: எந்தப் புள்ளியை யார் சொல்கிறார், யார் மறுக்கிறார்? மறுப்பவர் இல்லாவிட்டால் எழுவினா இல்லை, சர்ச்சையும் இல்லை.

நிலத்தைப் பற்றி: 'சர்ச்சைக்குரிய நிலம்' பத்திரிகைத் தமிழ். அயோத்தி வழக்கில் 2.77 ஏக்கரை 2019 நவம்பர் 9 தீர்ப்பு வரைக்கும் எல்லா நாளிதழும் இப்படித்தான் எழுதின, தவறில்லை. ஆனால் கிராமத்து வாய்க்கால் வரப்பு வழக்கிலும் இதைப் போடுகிறார்கள். அங்கே 'வழக்கிலுள்ள நிலம்' போதும். ஆவணங்களில் 'தாவா சொத்து' என்று இருக்கும்.

ஆற்று நீர்: 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் அரசமைப்பின் 262-வது பிரிவும் பேசுவது மாநிலங்களுக்கு இடையிலான நீர்த் தகராறு. அதற்காக 1990-ல் அமைந்தது காவிரி நடுவர் மன்றம். 'காவிரிச் சர்ச்சை' என்று யாரும் சொல்வதில்லை. மக்கள் வாயில் அது 'காவிரிப் பிரச்சினை'. ஏனென்றால் அங்கே வாய்ப்பேச்சு மோதல் இரண்டாம்பட்சம், டி.எம்.சி. கணக்குதான் முதல்.

மெய்ப்புமேசை

படிக்கட்டு, தீர்ப்புகளைப் பற்றியும் சொல்லுங்கள். 'மாறுபட்ட தீர்ப்பு' என்று இரண்டு வெவ்வேறு சங்கதிகளுக்கும் போடுகிறார்கள்.

படிக்கட்டு

ஆமாம், அது பெரிய ஓட்டை.

ஒன்று: இரண்டு நீதிபதி அமர்வில் ஆளுக்கொரு முடிவு. பெரும்பான்மை கிடையாது, வழக்கு முடிவதில்லை, மூன்றாவது நீதிபதிக்கோ பெரிய அமர்வுக்கோ போகும். 18 சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதிநீக்க வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூன் 14 அன்று இதுதான் நடந்தது. மூன்றாவது நீதிபதியின் தீர்ப்பு அக்டோபர் 25-ல் வந்தது. கர்நாடக ஹிஜாப் வழக்கில் உச்ச நீதிமன்றத்திலும் 2022 அக்டோபர் 13 அன்று இதே நிலை. இதற்கு 'மாறுபட்ட தீர்ப்பு' பொருத்தம். 'இருவேறு தீர்ப்பு' என்றால் இன்னும் தெளிவு.

இரண்டு: ஐந்து, ஏழு பேர் அமர்வில் பெரும்பான்மை ஒரு பக்கம், சிலர் மறுபக்கம். வழக்கு முடிந்துவிட்டது, மறுத்தவர்களின் காரணம் பதிவாகிறது. 1976 நெருக்கடி நிலைக் கால ஆட்கொணர்வு வழக்கில் நான்கு பேருக்கு எதிராக நீதிபதி எச்.ஆர். கன்னா எழுதியது இந்த வகை. இதையும் 'மாறுபட்ட தீர்ப்பு' என்று எழுதினால் வாசகர் வழக்கு இன்னும் தொங்குகிறது என்று நினைத்துக்கொள்வார்.

சிலர் இதைச் 'சிறுபான்மைத் தீர்ப்பு' என்று எழுதுகிறார்கள். கணக்குப்படி சரி, ஆனால் ஆபத்தானது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் சிறுபான்மைத் தகுதி பற்றி 2024 நவம்பர் 8 அன்று 4:3 என்று தீர்ப்பு வந்தது. அங்கே 'சிறுபான்மைத் தீர்ப்பு' என்று எழுதிப் பாருங்கள். எந்தச் சிறுபான்மை, யாருடைய தீர்ப்பு? 'மூன்று நீதிபதிகளின் மறுப்புத் தீர்ப்பு' என்று எண்ணிக்கையோடு எழுதினால் தொல்லை இல்லை.

எப்படிப் பார்த்தாலும் நீதிபதிகள் வேறுபடுவது சர்ச்சை அல்ல. அது அவர்கள் வேலை.

தலைப்புப்பலகை

'ஆ' வரிக்கு இதே தர்க்கம்தான். குழு உறுப்பினர் ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுப்பது நடைமுறை. அதற்கு 'மாற்றுக்கருத்துக் குறிப்பு' அல்லது 'மறுப்புக் குறிப்பு'. 'அதிருப்திக் குறிப்பு' என்றும் சிலர் எழுதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. அதிருப்தி மனக்குறை. அமைச்சர் பதவி கிடைக்காத எம்.எல்.ஏ.வுக்கு வருவது அது. வரைவின் ஒரு பத்தியைக் காரணம் காட்டி மறுப்பவருக்கு மனக்குறை இருக்க வேண்டிய அவசியமில்லை.

இந்தக் குறிப்பே சர்ச்சை ஆவதும் உண்டு. வக்ஃபு திருத்த மசோதா பற்றிய நாடாளுமன்றக் கூட்டுக் குழு அறிக்கை 2025 பிப்ரவரி 13 அன்று தாக்கலானபோது, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் தங்கள் குறிப்புகளில் சில பகுதிகள் நீக்கப்பட்டுவிட்டதாகக் குற்றம் சாட்டினார்கள். ஆளும் தரப்பு பதில் சொன்னது, அவையில் அமளி, பிறகு பின்னிணைப்பு சேர்ந்தது. இங்கே இரண்டு அடுக்கு. மசோதாவை ஏற்காதது கருத்து வேறுபாடு, காகிதத்தில் பதிவானது. அந்தக் காகிதம் முழுதாக அச்சாகியதா என்பது சர்ச்சை. ஒரே செய்தியில் இரண்டு சொல்லும் வரலாம், இடம் மாறக் கூடாது.

தெற்குச்சாளரம்

இதற்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு கீழடி. எந்த மண்ணடுக்கு எந்தக் காலம், கிடைத்த பானைக் கீறல் எழுத்தா குறியீடா, இவற்றில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். 2019-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட கி.மு. 580 என்ற கரிமக் கணிப்பை ஒருவர் முழுத் தளத்துக்கும் விரித்துப் பேசலாம், இன்னொருவர் ஒரு மாதிரிக்கு மட்டும் என்று நிறுத்தலாம். இது கருத்து வேறுபாடு. ஆய்விதழில் நடக்கும், குரல் உயராது, புதிய மாதிரி கிடைத்தால் நகரும்.

கீழடியில் முதல் அகழாய்வுகளை நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையை இந்தியத் தொல்லியல் துறை 2025 மே மாதம் திருத்தம் கேட்டுத் திருப்பியது, அவர் தம் முடிவில் நின்றது, அமைச்சர்கள் பேசியது, போராட்டம் நடந்தது: இது சர்ச்சை. 'கீழடியின் காலம் சர்ச்சைக்குரியது' என்று எழுதினால் முதலாவதைத் தூக்கி இரண்டாவதில் போட்டுவிடுகிறோம். ஆய்வின் இயல்பான ஐயத்தை அரசியல் அழுக்காகக் காட்டுகிற வேலை அது. 'காலக்கணிப்பில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை' என்று எழுதுவதற்கு ஒரு வரி கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஈற்றெழுத்து

இந்தப் பிரிவினை தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் சொல்வதைப் பாருங்கள்:

"ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள்
பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்
பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும்
செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்"

வாதம் செய்யலாம், முறை தெரிந்து மேடை ஏறு. ஒத்துவராதவரோடும் செற்றமும் கலாமும் வேண்டாம், விலகிப் போ. செற்றம் உள்ளே வைத்த பகை. கலாம் வெளியே வெடிக்கும் சண்டை. பட்டிமண்டபம் முறையான களம். ஒரே அறிவிப்பில் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார் சாத்தனார். கலாமின் வினை 'கலாய்த்தல்', பழைய அகராதிகளில் அதற்குச் சண்டையிடுதல், சினத்தல் என்று பொருள். இன்று கல்லூரி வாசலில் கலாய்ப்பது கிண்டல். கோபம் போய்ச் சிரிப்பு வந்த சொல் அபூர்வம்தான்.

செந்நா சொன்ன மாறுகோளுக்கும் வருகிறேன். நன்னூலில் நூலாசிரியர் கொள்ளும் எழுவகை மதங்கள் (இங்கே மதம் என்றால் கொள்கை): உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை ஏற்றுக்கொண்டு பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுத்துதல், இருவர் மாறுகோளில் ஒருதலை துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறரோடு படாமல் தன் மதம் கொள்ளல். 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே' என்பதில் மாறுகோள் இரண்டு அறிஞர் எதிரெதிராகக் கொண்ட நிலைப்பாடு. அறிவுத்துறை எழுத்துக்கு அருமையாகப் பொருந்தும், தெற்குச்சாளரம் சொன்ன காலக்கணிப்புக்கு 'மாறுகோள்' போடலாம். ஆனால் நடிகர் பேட்டிக்கு வந்த எதிர்ப்புக்கு அது சேராது.

நியாயம் என்ற வடமொழித் தர்க்க மரபிலும் மூன்றாகப் பிரிப்பார்கள். உண்மையைக் காண்பதற்கு வாதம். வெல்வதற்கு ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடும் இல்லாமல் எதிராளியை மட்டும் உடைப்பது விதண்டை. மூன்றாவது மட்டும் 'விதண்டாவாதம்' என்று வீட்டுத் தமிழுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தேவைப்பட்டதைத்தானே வாங்குவார்கள்.

செந்நா

மாறுகோளை ஏற்றதற்கு நன்றி. இருந்தாலும் 'சர்ச்சை' என்ற ஒலியே தமிழ்க் காதுக்கு ஒட்டவில்லை.

ஈற்றெழுத்து

ஒட்டாததற்கு இலக்கணக் காரணம் இருக்கிறது, செந்நா. ய், ர், ழ் முன்னால் க ச த ப இரட்டித்து வரலாம்: வளர்ச்சி, சேர்க்கை, வாழ்க்கை. ஆனால் நன்னூல் கையோடு ஒரு தடையும் போடுகிறது, 'ரழத் தனிக்குறில் அணையா'. தனிக்குறிலை அடுத்து ர், ழ் ஒற்றாக வராது. 'வளர்ச்சி'யில் ர்-க்கு முன் இரண்டு குறில், 'சேர்க்கை'யில் நெடில். 'சர்ச்சை'யில் 'ச' என்ற ஒற்றைக் குறில் மட்டும். தர்க்கம், வர்க்கம், சர்க்கரை எல்லாம் இதே குடும்பம். அவற்றுக்குத் தருக்கம், வருக்கம், சருக்கரை என்று உகரம் ஏற்றித் தமிழ்ச் சட்டை போட்டார்கள். சர்ச்சைக்கு மட்டும் யாரும் தைக்கவில்லை.

சொல்லின் முதலில் சகரம் வராது என்ற தொல்காப்பியச் சூத்திரத்தையும் சிலர் இழுப்பார்கள். அதை நம்பி இறங்க வேண்டாம். சட்டி, சரி, சண்டை எல்லாம் மாட்டிக்கொள்ளும். தவிர அந்தச் சூத்திரத்துக்கே பாடவேறுபாடு உண்டு, அதுவே சர்ச்சைக்குரியது!

தலைப்புப்பலகை

'இ' வரி இன்னும் பாக்கி. குறள் 1,330. மேடையில் 1,230 என்று சொன்னால் அது பிழை. பிழைக்கு எதிர்த்தரப்பு கிடையாது, '1,230தான் சரி' என்று வாதாட யாரும் வரப்போவதில்லை. 'தவறாகக் குறிப்பிட்டார்' என்று எழுதிச் சரியான எண்ணையும் அதே வாக்கியத்தில் கொடுத்துவிட வேண்டும். பிழையைச் சர்ச்சை என்று எழுதுவதில் உள்ள தீங்கு இதுதான்: இரண்டு பக்கமும் ஏதோ நியாயம் இருக்கிறது என்ற தோற்றம் வந்துவிடும். நூறு குறள் காணாமல் போனதற்கு என்ன நியாயம்?

இதே இடத்தில் எதிர்த்திசைப் பிழையும் நடக்கும். ஒருவர் ஒரு சமூகத்தை இழிவாகப் பேசுகிறார். 'சர்ச்சைக்குரிய பேச்சு' என்று எழுதினால் அது பூசி மெழுகுவது. என்ன சொன்னார் என்பதை எழுதுங்கள், யார் கண்டித்தார் என்பதை எழுதுங்கள். பெயரடை தேவைப்படாது.

படி வரிசையாகச் சொன்னால்: ஒருவர் எதிர்த்துப் பேசினால் எதிர்ப்பு. அறிக்கை விட்டால் கண்டனம். கண்டனம் ஒருவழிப் பாதை. பேசியவரோ அவர் தரப்போ 'நான் சொன்னது சரிதான்' என்று திருப்பிப் பதில் சொல்லி, அது மறுபடி பதிலை இழுத்தால்தான் சர்ச்சை. அவர் மறுநாளே வருத்தம் தெரிவித்து முடித்துவிட்டால் அது சர்ச்சை நிலைக்கு வரவேயில்லை. பல தலைப்புகள் முதல் கண்டன அறிக்கை வந்த பத்தாவது நிமிடமே 'வெடித்த சர்ச்சை' என்று போடுகின்றன. வெடித்ததாக எழுதியதால் வெடித்ததும் உண்டு.

வினைச்சொல் தேர்வும் கவனிக்க வேண்டியது. 'சர்ச்சை எழுந்தது' நடுநிலை. 'சர்ச்சையைக் கிளப்பினார்' என்றால் வேண்டுமென்றே செய்தார் என்ற குற்றச்சாட்டு உள்ளே இருக்கிறது. 'சர்ச்சையில் சிக்கினார்' என்றால் பாவம் மாட்டிக்கொண்டார் என்ற இரக்கம். ஒரே சம்பவத்துக்கு மூன்று நாளிதழ் மூன்றையும் போட்டால் அவற்றின் சார்பு தெரிந்துவிடும். 'ஏற்படுத்தியுள்ளது' எங்கும் பொருந்தும் ரப்பர். யாருக்கு, எங்கே என்ற கேள்வியை விழுங்கிவிடும்.

சர்ச்சையா என்று உறுதியில்லாதபோது 'விவகாரம்' போட்டுத் தப்பிக்கிறார்கள். குற்றம் சாட்டாத சொல், அதனால் பாதுகாப்பு. ஆனால் ஒன்றும் சொல்லாத சொல்லும்கூட.

வடமராட்சி

கட்சிக்குள் நடக்கிறதுக்குப் 'போர்க்கொடி தூக்கினார்' என்று தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எழுதுவதையும் சேருங்கோ. சர்ச்சைக்கும் பூசலுக்கும் நடுவில் நிற்கிற சொல். ஆள் இன்னும் கட்சியை விட்டுப் போகவில்லை, ஆனால் பகிரங்கமாகக் கதைத்துவிட்டார். 'பகிரங்கம்' இல்லாமல் போர்க்கொடி இல்லை.

மெய்ப்புமேசை

அந்தப் பகிரங்கத்தைப் பற்றியும் கேட்க நினைத்தேன். 'வெளிப்படையாக மறுத்தார்', 'பகிரங்கமாக மறுத்தார்': இரண்டும் ஒன்றா?

ஈற்றெழுத்து

இல்லை. வெளிப்படை என்பது ஒளிக்காமை. மூடிய அறையிலும் வெளிப்படையாகப் பேசலாம். பகிரங்கம் வடமொழி 'பஹிரங்க'த்திலிருந்து, வெளிப்புறமானது. நாலு பேர் கேட்க வேண்டும். கூடவே சவால் விடும் தொனி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது: பகிரங்கக் கடிதம், பகிரங்க மன்னிப்பு. தொனி வேண்டாமென்றால் 'பொதுவெளியில்' போடலாம்.

ஒற்றுப்பிழைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இந்தச் சொல்லில் நிறைய நடக்கிறது. 'சர்ச்சை கருத்து' தவறு; சர்ச்சையை உண்டாக்கும் கருத்து என்று விரிவதால் 'சர்ச்சைக் கருத்து', 'சர்ச்சைப் பேச்சு'. ஆனால் 'சர்ச்சை கிளம்பியது' என்பதில் சர்ச்சை எழுவாய், க் வராது. 'சர்ச்சைக்குரிய பேச்சு' பெயரெச்சத் தொடர், ப் வராது. 'சர்ச்சைக்குரியப் பேச்சு' என்று எழுதுகிறவர்கள் ஒற்றைத் தாராளமாக இறைக்கிறார்கள். 'சர்ச்சைக்குப் பின்' என்பதில் நான்காம் வேற்றுமை உருபு வெளிப்படையாக இருப்பதால் ப் வரும். 'சர்ச்சையில் சிக்கினார்' என்பதில் ஒன்றும் வராது.

மெய்ப்புமேசை

மூன்று வரியும் இப்படித் திருந்துகின்றன:

அ) "நீர்ப் பங்கீடு குறித்து இரு மாநில அமைச்சர்கள் நடத்திய பேச்சுவார்த்தை தோல்வியில் முடிந்தது."

ஆ) "குழு அறிக்கையின் 4-வது பத்தியை ஏற்காத இரண்டு உறுப்பினர்கள் மாற்றுக்கருத்து குறிப்பு அளித்தனர்."

இ) "திருக்குறளில் 1,330 குறள்கள் உள்ளன; 1,230 என்று மேடையில் தவறாகக் குறிப்பிட்டார்."

ஈற்றெழுத்து

'ஆ'வில் 'மாற்றுக்கருத்துக் குறிப்பு'. க் விட்டுப்போயிற்று.

தெற்குச்சாளரம்

'4-வது பத்தி' எங்கிருந்து வந்தது? மூல வரியில் பத்தி எண் இல்லையே. அறிக்கையைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு போடுங்கள், இல்லையென்றால் அதுவே நாளைக்கு ஒரு சர்ச்சை.